சித்திக்கு நான் படிக்காத நாலு அதிகாரம்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அப்பா துறைமுகத்துச் சரக்கு ஆபீஸில் குமாஸ்தா. நாளெல்லாம் தாள்களோடு மாரடித்துவிட்டு வருகிறவர், வீட்டில் அச்செழுத்து எதையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். அம்மா பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்காலம் திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும். மூன்றாவது ஆள் நான். ஆகவே சித்திக்கு வேதப்புத்தகம் படித்துக் காட்டும் பொறுப்பு ஒன்பது வயதில் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. அவர்களுடைய தாய் சீக்கிரமே இறந்துவிட்டதால், அம்மா விடுதியில் தங்கிப் படிக்க, சித்தி வீட்டோடு நின்று தன் அப்பாவுக்குச் சோறாக்கிப் போட்டாள். அம்மா டீச்சர் ஆனதற்கு யார் காரணம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

சித்தப்பா சிதம்பரத்துக்காரர். கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. கோயில் மணியைக் கேட்டு எழுந்து, கோயில் மணியைக் கேட்டு உலை வைக்கிற தெரு. அவர் கடலூருக்கு வேலை தேடி வந்த இடத்தில் எங்கள் சபைக்குப் போக வர இருந்து, ஞானஸ்நானம் எடுத்து, சித்தியைக் கட்டிக்கொண்டார். அப்பளம் இட்டு விற்று அந்த ஒரே மகனை வளர்த்த அவருடைய அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. மருமகள் தன் வாசற்படி ஏறக்கூடாது என்று சொல்லியனுப்பினார். மறு வருஷம் சித்தப்பா ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலை என்று கப்பல் ஏறினார். மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது என்று பேப்பரில் வந்த பிறகு கடிதம் நின்றுபோயிற்று. சித்தி எங்களோடே தங்கிவிட்டாள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவியதும், கொல்லைப்புறத்து வராந்தாவில் படிப்பு நடக்கும். சித்தி முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்குவாள். நான் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் போதகர் படிப்பதைப் போல் குரலை இழுத்து ஓர் அதிகாரம் படிப்பேன். ஒரு நாளைக்கு ஒன்று. முதல் பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக.

படித்து முடித்ததும் ஓடிவிடலாம் என்று பார்த்தால் முடியாது. சித்தி கேள்வி கேட்பாள். அதுவும் புத்தகத்தில் இல்லாத கேள்வியாக இருக்கும்.

"அந்தப் பையனக் குழியில தள்ளிட்டு அண்ணன்மாருங்க சோறு துன்னாங்கன்னு படிச்சியே, அந்தச் சோறு அவுங்களுக்கு எறங்கிச்சா?"

"அதெல்லாம் போடல சித்தி."

"போடலன்னா என்னா? எறங்கியிருக்காது. ஒருத்தனுக்காவது தொண்டையில அடைச்சிருக்கும்."

பிறகு ராத்திரிச் சமையல் முடியும்வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். அம்மி அரைக்கும்போது வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அவள் ஜெபம் பண்ணுகிறாள் என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பல மாதங்கள் ஆயின். அம்மா ஜெபம் பண்ணினால் புத்தகத் தமிழில், மூச்சு விடாமல், ஒரு பிழை இல்லாமல் வரும். சித்தி பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதைப் போல் பேசுவாள். ஒருநாள் நான் கதவோரம் நின்று கேட்டேன். "அக்காவ எதுத்துப் பேசுனது எந் தப்புதான் ஆண்டவரே, ஒத்துக்கிறேன். ஆனா அவளும் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது, நீங்களே சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு அம்மிக்குழவியை நிறுத்திவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அவள் ஒரு நாளும் விடாமல் வேண்டிக்கொண்டது இரண்டு காரியங்களுக்கு. ஒன்று, சித்தப்பா உயிரோடு வரவேண்டும். இன்னொன்று, மாமியார் மனம் மாறவேண்டும்.

நாங்கள் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டியிராத சமயத்தில், சிதம்பரத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். மாமியாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். கயிறு வியாபாரம். துறைமுகத்தில் சரக்கு எடுக்க வந்தவர், எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். அப்பா வற்புறுத்தியதால் உள்ளே வந்து உட்கார்ந்தார். கொடுத்த காப்பியைக் குடிப்பதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் குடித்தார்.

"அம்மாவுக்கு ஒடம்பு சொகமில்லீங்க. கால் வீங்கிப்போச்சு. எழுந்து நடமாட முடியல. கூடப் பாத்துக்க ஆளில்ல" என்றார் அப்பாவிடம். பிறகு கதவுக்குப் பின்னால் நின்ற சித்தியின் பக்கம் திரும்பாமலே, "தங்கச்சிய வந்து கூட இருக்கச் சொன்னாங்க. அவுங்களே வாய விட்டுச் சொன்னாங்க" என்றார்.

நான் சித்தியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக ஆண்டவரிடம் கேட்டது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கிறது.

வந்தவர், "ரெண்டு நாள் இங்கதான் இருப்பேன். நாளன்னைக்கு ரயிலுக்குப் போறேன். வந்தா கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு இரண்டுபட்டது. அம்மாவுக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. "அவ்ளோ நாள் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னாங்க. இப்ப வேலைக்கு ஆள் இல்லன்னதும் மருமவ நெனப்பு வந்துடுச்சா? அங்க போனா நெத்தியில திருநீறு பூசி ஒக்கார வெச்சிடுவாங்க. நீ ஆலயத்துக்குப் போவ முடியுமா, வேதம் படிக்க முடியுமா? ஒனக்குப் படிச்சுக் காட்டத்தான் ஆரு இருக்கா அங்க?"

அப்பா அவ்வளவாகப் பேசாதவர். "வயசான பொம்பள தனியா கெடக்குது. போறது நல்லதுன்னுதான் எனக்குப் படுது" என்றார். சித்தி, "மாமா, நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

யாரைக் கேட்டு யோசிப்பாள் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் நான் தலைவாரிக்கொள்ளப் போனபோது, என் பின்னலைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பாப்பா, ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு வரிசைப்படி என்னா அதிகாரம் வருதோ, அதுல எனக்கு ஒரு வழி காட்டுங்கன்னு. சாயந்தரம் நல்லா நிறுத்திப் படி. அவசரப்படாத."

பள்ளிக்கூடத்தில் அன்று எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வரிசைப்படி என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். போரும் வெட்டுக்குத்துமாக இருந்த ஒரு நீளமான பகுதியை முந்தினநாள்தான் முடித்திருந்தோம். அதற்கு அடுத்தது நாலே அதிகாரம் உள்ள ஒரு சின்னப் பகுதி. அந்தக் கதையை ஓய்வுநாள் பள்ளியில் படம் போட்ட அட்டையில் காட்டியிருந்தார்கள். மூன்று பெண்கள் ஒரு சாலையில் நிற்பார்கள். நடுவில் மாமியார். இரண்டு மருமகள்களில் ஒருத்தி அழுதுகொண்டே திரும்பிப் போவாள். இன்னொருத்தி மாமியாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நீங்கள் போகும் இடத்துக்குத்தான் நானும் வருவேன் என்பாள். இருவருக்கும் ஊர் வேறு, சாமி வேறு.

இதைப் படித்தால் சித்தி நாளைக்கு ரயிலேறிவிடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு நல்ல காரணங்களாகப் பின்னால் பல சொல்லிப் பார்த்திருக்கிறேன். குழந்தைதானே, பாசம்தானே என்று. பாசம் இருந்தது உண்மை. தம்பி பிறந்த பிறகு அம்மாவின் மடி எனக்கு எட்டாமல் போயிற்று. நான் சித்தியின் பாயில்தான் படுத்தேன், அவள் கையால்தான் சாப்பிட்டேன். ஆனால் அது மட்டுமல்ல. அந்த வீட்டில் ஒரு பெரிய மனுஷி தினமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் போய்விட்டால் என்னை அப்படி யார் பார்ப்பார்கள்?

சாயங்காலம் சித்தி முறத்தை எடுத்துக்கொண்டு வரவில்லை. குளித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்தாள். நான் அடையாளத்துக்கு நீல நூல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன். அந்தச் சின்னப் பகுதியின் தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது. அது சித்திக்கு வெறும் கோடுகள்தான். விரலை நாக்கில் தொட்டு, நாலு அதிகாரங்களும் இருந்த தாள்களைச் சேர்த்துப் புரட்டி, அதற்கு அப்பால் எது வந்ததோ அதன் முதல் அதிகாரத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மாமியாரும் மருமகளும் இல்லை என்பது ஒன்றுதான் தெரியும்.

பிள்ளையில்லாத ஒரு பெண்ணின் கதை அது. வருஷா வருஷம் புருஷனோடு தேவாலயத்துக்குப் போகிறாள். அங்கே உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணுகிறாள். குடித்திருக்கிறாள் என்று அங்கிருந்த கிழட்டு ஆசாரியன் நினைக்கிறான். சித்தி முன்னால் சாய்ந்து கேட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. அவளுக்கும் பிள்ளையில்லை. அவளும் உதடு அசையத்தான் ஜெபம் பண்ணுவாள். நான் குரலை இழுத்துப் படித்துக்கொண்டே போனேன். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிறது. அடுத்த பயணத்துக்குப் புருஷன் கிளம்புகிறான். அவள், இப்போது நான் வரவில்லை, பிள்ளை பால் மறந்த பிறகு வருகிறேன் என்கிறாள். புருஷனும், சரி, உன் இஷ்டப்படி இரு என்கிறான்.

சித்தி கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

"அவ போவலியா?"

"போவல சித்தி."

"வூட்டுலயே இருந்துட்டாளா?"

"ஆமா. இங்க போட்டிருக்கு."

"எங்க, காட்டு."

நான் விரலை வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து அந்த வரியைப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள் அவ்வளவு கவனமாக ஒரு வரியைப் பார்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. "செத்தப் பொறுத்துப் போவச் சொல்றாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். குரலில் ஏமாற்றம் இருந்தது. அவள் போகத்தான் ஆசைப்பட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

எனக்கு உள்ளூர ஒரு பயமும், அதைவிடப் பெரிய நிம்மதியும். நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லையே. புத்தகத்தில் இருப்பதைத்தான் படித்தேன். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருந்ததற்கு நான் என்ன செய்யமுடியும்? ஆண்டவருக்கே இதில் சம்மதம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வந்த கயிறு வியாபாரியிடம் அப்பா விஷயத்தைச் சொன்னார். அவர் வெறுமனே தலையாட்டினார். சித்தி சொல்லச் சொல்ல அப்பா ஒரு கார்டு எழுதி அவரிடமே கொடுத்தனுப்பினார். உங்கள் பிள்ளை திரும்பி வந்ததும் இரண்டு பேருமாக வந்து காலில் விழுகிறோம், அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. கூடவே சித்தி ஒரு தைல சீசாவும், ஒரு கட்டுக் கருவாடும் கொடுக்கப்போய், அவர்கள் வீட்டில் கருவாடு கூடாது என்று அப்பா சொன்னதால் கருவாட்டை எடுத்துவிட்டு வாழைப்பழம் வைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. சிதம்பரத்திலிருந்து கார்டு வந்திருந்தது. மாமியார் போய், எடுத்தும் ஆகிவிட்டது. கொள்ளி வைத்தது கயிறு வியாபாரி.

அப்பா லீவு போட்டுச் சித்தியை அழைத்துக்கொண்டு போனார். நான் அழுது அடம்பிடித்ததால் என்னையும் கூட்டிப்போனார்கள். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் போகும்போது, முதன்முதலாக மாமியார் வீட்டுக்குப் போகிற ஒருத்தி இப்படிப் போகிறாளே என்று அப்பா யாரிடமோ சொல்வதைப் போல ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அந்தச் சந்து குறுகலாக இருந்தது. தலையை அண்ணாந்தால் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. வீடு பூட்டியிருந்தது. கயிறு வியாபாரியின் மனைவி சாவியைக் கொண்டுவந்து திறந்தாள். சின்ன வீடுதான். கூடத்தில் அப்பளக் குழவியும் பலகையும் சுவரோரம் சாத்தியிருந்தன. சாமி படங்களுக்கு முன்னால் அவள் காலையில் வந்து ஏற்றிவைத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சித்தி எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள்.

அந்த அம்மாள் சித்தியின் கையைப் பிடித்து, கூடத்தை ஒட்டியிருந்த ஓர் அறைக்குள் அழைத்துப் போனாள். உளுந்து மூட்டை போட்டு வைக்கிற அறையாம் அது. இப்போது மூட்டை எதுவும் இல்லை. நாலு சுவருக்கும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு மரப்பலகை அடித்திருந்தது.

"ஒனக்குத்தாம்மா இது" என்றாள் அந்த அம்மாள். "எங்க வூட்டுக்காரரக் கடலூருக்கு அனுப்புன அன்னிக்கே ஆள வெச்சுச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாங்க. எம் மருமவ ஏதோ புஸ்தகம் வெச்சு கும்புடுவாளாம், அத தரையில வெக்கக் கூடாது, ஒரு பலகை அடின்னாங்க. என்னக் கூப்புட்டுக் கேக்கறாங்க, ஏண்டி, அவுங்க சாமிக்கு வெளக்கு ஏத்தணுமா, வேணாமா, ஒனக்குத் தெரியுமான்னு. எனக்கு என்னா தெரியும்? அவ வந்தா அவளையே கேட்டுக்கலாம்னு சொன்னேன்."

சித்தி பலகையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ வர்லன்னு கார்டு வந்துதே, அதுக்கப்புறம் மூட்டைய உள்ள போடலாமான்னு கேட்டேன். இருக்கட்டும், எம் பையன் வந்தா ரெண்டு பேருமா வருவாங்கன்னாங்க. கோவமா ஒண்ணும் சொல்லல. அத மட்டும் ஒங்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

சித்தி அழவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சித்தி மெதுவாக என்னைக் கேட்டாள்.

"பாப்பா, அன்னிக்குப் படிச்சியே. அந்தப் பொம்பள அப்புறமாப் போனாளா?"

"போனா சித்தி."

"போனப்ப அந்தக் கெழவரு இருந்தாரா? அவகிட்ட ஜெபத்தப் பத்திக் கேட்டவரு?"

"இருந்தாரு."

"இருந்தாரு" என்று அவளும் ஒருமுறை சொன்னாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடலூர் வரும்வரை திரும்பவில்லை.

அதன்பிறகு நான் தினமும் படித்தேன், சித்தி கேட்டாள். ஆனால் கேள்விகள் நின்றுவிட்டன. ராஜாக்களும் தீர்க்கதரிசிகளும் வந்து போனார்கள். யார் யாருக்கு என்ன துரோகம் செய்தாலும் அவள் ஏன் என்று கேட்கவில்லை. அம்மி அரைக்கும்போது அம்மிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் ஆண்டவரோடு பேசுவதை விட்டுவிட்டாள் என்பதை வீட்டில் வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கதவோரம் நின்று கேட்கிற பழக்கம் எனக்கு மட்டும்தானே இருந்தது. நான்தான் அந்தப் பேச்சை அறுத்தேன் என்றும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்வேன். முகம் கழுவுவதற்குள் அது கரைந்துவிடும்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் சித்தி என் பழைய சிலேட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"எனக்கு எழுத்து கத்துக்குடு."

"எதுக்கு சித்தி? நான்தான் படிக்கிறனே."

"நீ நல்லாத்தான் படிக்கிற. எனக்கே படிக்கணும்போல இருக்கு. ஆண்டவரு அன்னிக்கு என்னா சொன்னாரு, நான் என்னா கேட்டேன்னு எனக்குச் சரியா வெளங்கல. நானே எழுத்தப் பாத்தா வெளங்கும்."

முப்பது வயதில் அவள் அகரம் எழுதினாள். அம்மா டீச்சர் என்றாலும் அம்மாவிடம் போகவில்லை. என்னிடம்தான் கற்றாள். ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்டினாள். ஒரு வருஷத்தில் விரலை வரிக்குக் கீழே ஓட்டி, உதட்டை அசைத்துத் தானே படித்தாள். முதலில் சுவிசேஷங்களைப் படித்து முடித்தாள். பிறகு பழைய ஏற்பாட்டுக்குப் போய், முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். நீல நூல் நாளுக்கு நாள் நகர்ந்தது. அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் நான் புத்தகத்தை எடுத்து, நூலுக்கும் அந்த நாலு அதிகாரத்துக்கும் நடுவில் எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பேன்.

நடுவில் அவளுடைய கேள்விகள் திரும்பி வந்தன. இம்முறை என்னிடம் கேட்கவில்லை. அவரிடமே கேட்டாள். படித்துக்கொண்டே இருந்தவள் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தி, "இது ஞாயமா ஆண்டவரே?" என்பாள். பழைய சகஜமில்லை. சண்டை போடுகிற குரல். ஆனாலும் பேசினாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. பேச்சு திரும்பிவிட்டது என்றால் என் தப்பும் சரியாகிவிட்டது என்று கணக்குப் போட்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது நூல் அங்கே வந்து சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் வராந்தாவின் மறுகோடியில் உட்கார்ந்து, பாவாடை தைப்பதைப் போல் பாவனை பண்ணிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முழு அதிகாரத்தையும் படித்தாள். நாலு நாளில் நாலு அதிகாரம். நாலாவது நாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தக் கத நீ எனக்குப் படிச்சதில்லியே."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அழுது சொல்லியிருப்பேன் என்று இன்றும் நம்புகிறேன். அவள் சும்மா பார்த்தாள். எனக்கு நேரம் கொடுத்தாள்.

"தாளு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும் சித்தி" என்றேன்.

அவள் புத்தகத்தின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு, "இருக்கும்" என்றாள். எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆலயத்தில் எல்லோரும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்லும்போது நான் மற்றவர்களைவிட உரக்கச் சொன்னேன். உடம்பெல்லாம் லேசாகிப் போன மாதிரி இருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பது எனக்கு எளிதாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்காரவில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் சித்தப்பா வந்து சேர்ந்தார். பாதி உடம்பாக, ஒரு காது கேட்காமல். நேரே சிதம்பரத்துக்குப் போய்ப் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். தன் அம்மா கடைசியில் எப்படி இருந்தார் என்று சித்தியைக் கேட்டார். "நான் போவல. கூப்புட்டாங்க, நான்தான் போவல" என்றாள் சித்தி. நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன். ஏன் போகவில்லை என்று அவர் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பத் தெரியாமப் போச்சு" என்றாள்.

இரண்டு பேரும் சிதம்பரத்து வீட்டுக்கே குடிபோனார்கள். சித்தி அப்பளம் இடக் கற்றுக்கொண்டாள். சுண்ணாம்பு அடித்த அறையில், பலகைமேல் புத்தகத்தை வைத்து, விடிகாலையில் கோயில் மணி அடிக்கும்போது எழுந்து படித்தாள். கூடத்தில் மாமியாரின் சாமி படங்களுக்கு அவள் விளக்கேற்றவும் இல்லை, அவற்றைக் கழற்றவும் இல்லை. துடைத்து வைத்தாள்.

ஒவ்வொரு கோடை லீவுக்கும் நான் அங்கே போய்ப் பத்து நாள் இருப்பேன். அதற்குள் சித்தி என்னைவிட நன்றாக, நிறுத்தி நிதானமாகப் படிக்கக் கற்றிருந்தாள். ஆனாலும் நான் போன முதல் நாள் சாயங்காலம் தவறாமல் என்னை அந்த அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, புத்தகத்தை என் கையில் கொடுப்பாள்.

"நீ படி. ஒங் கொரல்ல கேட்டு நாளாச்சு."

அவள் என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு சொல், ஒரு புள்ளி விடாமல், ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் புரட்டி, அவள் பார்க்கும்படி படித்தேன். முடித்ததும் நிமிர்ந்து பார்ப்பேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி இருப்பாள்.

"அப்புறம்?" என்பாள்.

"அவ்ளோதான் சித்தி. அதிகாரம் முடிஞ்சிடுச்சு."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பிறகு சரி என்று புத்தகத்தை வாங்கிப் பலகையில் வைத்துவிட்டு, எனக்குச் சோறு போட எழுந்து போவாள். ஐந்தாறு கோடைகள் இப்படிப் போயின. எனக்குக் கல்யாணமாகி நான் வேறு ஊருக்குப் போனேன். அடுத்த வருஷம் சித்தி காய்ச்சலில் படுத்து, நான் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டாள்.

அவள் கேட்டது அதிகாரத்தைப் பற்றி இல்லை என்பது அந்தக் கோடைகளில் ஒருநாளும் எனக்குத் தெரியவில்லை.